கரிக்கு மூக்கு கூர்மைதான், பேச்சை நம்பலாமா?

அடுப்புக் கரியும், பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டும், மோதிரத்தில் மின்னும் வைரமும் ஒரே தனிமம்தான் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். அந்தக் கார்பன் கடந்த நாற்பது வருடங்களில் மூன்று புது அவதாரங்கள் எடுத்திருக்கிறது. 1985-ல் கால்பந்து வடிவ ஃபுல்லரீன். 1991-ல் ஜப்பானில் சுமியோ இஜிமா எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து உலகுக்குச் சொன்ன நானோகுழாய். (சோவியத் விஞ்ஞானிகள் இருவர் 1952-லேயே இதுபோன்ற குழாய்களைப் படம் பிடித்துவிட்டார்கள் என்பது தனிக்கதை!) 2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் டேப்பை வைத்து கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுத்த கிராஃபீன். முதலாவதுக்கு 1996-லும் மூன்றாவதுக்கு 2010-லும் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று எந்த ஆய்வுக்கூடத்தில் கேட்டாலும் வரும் முதல் சில பதில்களில் ஒன்று: சென்சார். காற்றில் விஷவாயு இருக்கிறதா, தண்ணீரில் ஈயம் இருக்கிறதா, ரத்தத்தில் நோயின் அடையாளம் இருக்கிறதா... எல்லாவற்றையும் கார்பன் மோப்பம் பிடித்துச் சொல்லிவிடும் என்கிறார்கள். பொய்யில்லை, பிடிக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் மோப்பம் பிடித்த கருவிகளில் எத்தனை கடைக்கும், மருத்துவமனைக்கும், தொழிற்சாலை வாசலுக்கும் வந்திருக்கின்றன? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காரணம், இந்தத் துறை தவறான பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. "எவ்வளவு குறைவாக இருந்தாலும் கண்டுபிடிப்பேன்" என்ற பந்தயம் அது. கார்பனுக்கு அந்தக் கூர்மை 2000-லேயே போதுமான அளவுக்கு வந்துவிட்டது. இன்றுவரை போதாமல் இருப்பது நம்பகம்.

ஏன் கார்பன்?

ஒரு இரும்புக் குண்டின் அணுக்களில் பெரும்பாலானவை உள்ளே ஒளிந்திருக்கும். வெளியுலகத்தோடு தொடர்பு மேற்பரப்பில் இருக்கும் சிலவற்றுக்கு மட்டும்தான். கிராஃபீன் அப்படியல்ல. ஒரே ஒரு அணு தடிமனுள்ள தாள் அது, எல்லா அணுவும் வெளியேதான் நிற்கிறது. ஒரு கிராம் கிராஃபீனின் இரண்டு பக்கமும் சேர்த்த பரப்பு கணக்குப்படி சுமார் 2,630 சதுர மீட்டர். ரியல் எஸ்டேட் பாஷையில் சொன்னால் பதினோரு கிரவுண்டுக்கும் மேல்! இந்தத் தாளைச் சுருட்டி ஒட்டியது போன்றதுதான் ஒற்றைச் சுவர் நானோகுழாய்.

இந்தப் பரப்பில்தான் மின்சாரமும் ஓடுகிறது. எனவே ஒரு வாயு மூலக்கூறு வந்து உட்கார்ந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கினாலும் சரி, கொடுத்தாலும் சரி, மின்னோட்டம் மாறிவிடும். அதை அளந்தால் சென்சார் தயார்.

2000-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் ஜிங் காங், ஹோங்ஜி டாய் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே ஒரு நானோகுழாய். பத்து லட்சத்தில் 200 பங்கு நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டதும் சில நொடிகளில் அதன் கடத்துதிறன் சுமார் ஆயிரம் மடங்கு ஏறியது. ஒரு சதவீத அம்மோனியா பட்டதும் சுமார் நூறு மடங்கு இறங்கியது. அதுவும் சாதாரண அறை வெப்பநிலையில். அதுவரை புழக்கத்தில் இருந்த உலோக ஆக்சைடு சென்சார்களைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால்தான் வேலை செய்யும். 2007-ல் மான்செஸ்டர் குழு இன்னும் ஒரு படி மேலே போய், கிராஃபீன் மேல் ஒற்றை வாயு மூலக்கூறு வந்து ஒட்டுவதையும் விலகுவதையுமே அளந்துவிட்டது.

ஒற்றை மூலக்கூறு! அதற்குக் கீழே போக இடமே இல்லை. கூர்மைப் பந்தயம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

எல்லோரையும் பார்த்துக் குரைக்கும் நாய்

ஸ்டான்ஃபோர்டு கட்டுரை வந்த அதே 2000-ல், அதே 'சயின்ஸ்' இதழில், பெர்க்லியிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. நானோகுழாய்களின் மின்குணங்கள் ஆக்சிஜன் பட்டாலே பெரிதும் மாறிவிடுகின்றன என்றது அது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்தானே? அதாவது எந்த இடத்தில் வைத்து அளக்கப் போகிறீர்களோ, அந்த இடமே இந்தச் சென்சாரைத் தொந்தரவு செய்கிறது. ஈரப்பதமும் அப்படித்தான்.

தெருவில் போகும் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும் நாய்க்குக் காது கூர்மைதான், சந்தேகமில்லை. ஆனால் திருடன் வந்த அன்றும் அது அதே மாதிரிதான் குரைக்கும். வீட்டுக்காரர் புரண்டு படுத்துத் தூங்குவார்.

இத்தோடு இன்னும் இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஒட்டியது எளிதில் விடாது. ஸ்டான்ஃபோர்டு நானோகுழாய் நைட்ரஜன் டை ஆக்சைடிலிருந்து மீண்டு பழைய நிலைக்கு வர மணிக்கணக்கில் ஆனது. சூடாக்கினால் சீக்கிரம் மீண்டது. ஆனால் "சூடாக்க வேண்டாம்" என்பதுதானே இதன் பெருமை? இரண்டு, நானோகுழாய்களைத் தயாரிக்கும்போது சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு உலோகம் போலவும், மீதி குறைகடத்தி போலவும் வருகின்றன. இரண்டையும் பிரிக்க 2006 வாக்கிலிருந்து நல்ல வழிகள் வந்துவிட்டன என்றாலும் அவை செலவு பிடிப்பவை. பிரிக்காமல் விட்டால், போன மாதம் செய்த சென்சாரும் இந்த மாதம் செய்ததும் ஒரே வாயுவுக்கு வேறு வேறு பதில் சொல்லும்.

ரத்தத்தில் இறங்கினால்...

உயிரியல் சென்சார்களில் கதை இன்னும் சிக்கலாகிறது. கிராஃபீன் மேல் ஒரு ஆன்டிபாடியை ஒட்டவைத்து, நோயின் புரதம் அதில் வந்து மாட்டும்போது மின்னோட்டம் மாறுவதை அளப்பது வழக்கமான உத்தி. தூய தண்ணீரிலும், உப்பு மிகக் குறைந்த கரைசலிலும் அழகாக வேலை செய்யும்.

ரத்தம் உப்புக் கரைசல். உப்பில் இருக்கும் அயனிகள் எந்த மின்னூட்டத்தையும் சூழ்ந்துகொண்டு வெளியே தெரியாமல் மறைத்துவிடும். ரத்தத்தின் உப்பு அளவில், ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே மின்னூட்டத்தின் செல்வாக்கு பெருமளவு அடங்கிவிடும். ஆன்டிபாடியின் அளவோ சுமார் பத்து நானோமீட்டர். அதன் நுனியில் வந்து மாட்டும் புரதத்தின் மின்னூட்டம் கீழே இருக்கும் கிராஃபீனுக்குக் கேட்பதே கஷ்டம். அதனால்தான் பல ஆய்வுகளில் மாதிரியை நன்றாக நீர்த்துவிட்டு அளக்கிறார்கள். அல்லது உப்பைக் கழுவிவிட்டு அளக்கிறார்கள். தலைப்பில் மட்டும் 'ரத்தத்தில் நோய் கண்டறியும் சென்சார்' என்று இருக்கும்.

2020-ல் கொரோனா வந்தபோது தென்கொரியாவில் ஒரு குழு சில மாதங்களுக்குள் கிராஃபீன் சென்சார் ஒன்றைச் செய்து காட்டியது. பாராட்ட வேண்டிய வேகம். தூய கரைசலில் மில்லிலிட்டருக்கு 1 ஃபெம்டோகிராம் வைரஸ் புரதத்தைக் கண்டுபிடித்தது. மருத்துவமனை மாதிரிகளைக் கொண்டுபோகப் பயன்படும் திரவத்தில் அந்த எல்லை 100 ஃபெம்டோகிராம். பாத்திரம் மாறியதும் கூர்மை நூறில் ஒரு பங்காகிவிட்டது. இதை மறைக்காமல் எழுதியது அவர்களின் நேர்மை. ஆனால் உலகம் முழுக்க வீடுகளில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தது எதை வைத்து? கர்ப்பப் பரிசோதனைக்குப் பயன்படும் அதே பழைய காகிதப் பட்டை வகையை வைத்துத்தான். அதன் கூர்மை கிராஃபீனுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கோடிக்கணக்கில் ஒரே மாதிரி தயாரிக்க முடிந்தது, வாங்கியவர் தானே பார்த்துக்கொள்ள முடிந்தது.

அலட்டிக்கொள்ளாத ஒரு கார்பன்

கார்பன் சென்சார் ஜெயித்த கதையே இல்லையா என்றால், இருக்கிறது. சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் தேடினால் கிடைக்கும். குளுக்கோமீட்டர் பட்டை!

1962-ல் அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் நொதியை மின்முனையோடு சேர்க்கும் யோசனையை வெளியிட்டார்கள். 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டிலும் கிரான்ஃபீல்டிலும் இருந்த ஆய்வாளர்கள் நொதிக்கும் மின்முனைக்கும் நடுவே எலக்ட்ரானைச் சுமந்து செல்ல ஃபெர்ரோசீன் என்ற சேர்மத்தின் வகையொன்றைப் பயன்படுத்தினார்கள். 1987-ல் பேனா அளவில் ஒரு கருவி சந்தைக்கு வந்துவிட்டது. பல பட்டைகளில் மின்முனை எது தெரியுமா? கிராஃபைட் பொடியைக் கலந்த மை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையிலேயே பிளாஸ்டிக் துண்டின் மேல் அச்சடித்துவிடுகிறார்கள்.

இங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. ஆளை அடையாளம் காண்பது நொதி. செய்தி கொண்டுபோவது ஃபெர்ரோசீன் போன்ற தூதர். கார்பன் வெறும் கம்பிதான், அதற்கு மோப்பசக்தி எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பட்டையும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

இதற்கு வைக்கும் தேர்வும் வேறு மாதிரி. 2013-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. தரவிதி என்ன கேட்கிறது? டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும் அளவுகளில், நூற்றுக்கு 95 முடிவுகள் சரியான அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். "எவ்வளவு குறைவான சர்க்கரையைக் கண்டுபிடிப்பாய்?" என்பதைவிட "நூறு தடவை கேட்டால் எத்தனை தடவை சரியாகச் சொல்வாய்?" என்பதுதான் அங்கே கேள்வி.

ஆளை மாற்றி அடையாளம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தப் பட்டையே சாட்சி. ஒரு குறிப்பிட்ட வகை நொதியைப் பயன்படுத்திய பட்டைகள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்று படித்துவிட்டன. சில வகை டயாலிசிஸ் திரவம் ஏற்றிக்கொண்டவர்களின் ரத்தத்தில் மால்டோஸ் இருந்தது. மீட்டர் அதிகம் காட்டியது, இன்சுலின் போட்டார்கள், உண்மையான சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போனது. 1997-லிருந்து 2009 வரை இப்படி 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2009-ல் எச்சரித்தது. அந்தப் பட்டைகளுக்குக் கூர்மை குறைவு என்று யாரும் சொல்லவில்லை.

பறவை எச்சம் போட்ட கிராஃபீன்

கூர்மைப் பந்தயம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

நானோகுழாய் பூசிய மின்முனைகள் வேதிவினைகளை வேகப்படுத்துகின்றன என்று ஏகப்பட்ட கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. 2006-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் காம்ப்டன் குழு ஒரு குண்டைப் போட்டது. சில மின்முனைகளில் அந்த வேலையைச் செய்தது நானோகுழாயே அல்ல, அதை வளர்க்கப் பயன்படுத்திய உலோகத்தின் மிச்சம் என்று காட்டினார்கள். அமிலத்தில் கழுவினாலும் அது முழுதாகப் போவதில்லை. புகழ் நானோகுழாய்க்கு, உழைப்பு இரும்புத் துகளுக்கு!

இரண்டாவது இன்னும் சுவாரஸ்யம். கிராஃபீனில் நைட்ரஜன் சேர்த்தால் நல்லது, கந்தகம் சேர்த்தால் நல்லது, பாஸ்பரஸ் சேர்த்தால் இன்னும் நல்லது என்று ஆளுக்கொரு தனிமத்தைக் கலந்து கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். ப்ராக் நகரில் இருந்த மார்ட்டின் புமேரா குழு 2020-ல் கிராஃபீனோடு பறவை எச்சத்தைக் கலந்து சோதித்தது. அதுவும் சாதா கிராஃபீனைவிட நன்றாக வேலை செய்தது! எதைப் போட்டாலும் முன்னேற்றம் வருமா என்று கேலியாகவே தலைப்பு வைத்து ஏ.சி.எஸ். நானோ இதழில் வெளியிட்டார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை மாணவர்கள் தங்கள் முனைவர் பட்ட வருடங்களை "அடுத்த தனிமம் எது?" என்ற கேள்விக்குக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

மூலப்பொருளே சரியில்லை என்ற புகாரும் உண்டு. உலகின் 60 தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கிய 'கிராஃபீனை' சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதி பெரும்பாலும் கிராஃபைட் பொடி.

கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. கிராஃபீன் ஆக்சைடு செய்யப் பெரிய வசதி வேண்டாம். ஹம்மர்ஸ் 1958-ல் வெளியிட்ட முறையில் கிராஃபைட், கந்தக அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்றவை இருந்தால் போதும், கவனமும் வேண்டும். அதை மின்முனையில் பூசி, டோபமைனை அளந்து, ஒரு கட்டுரை எழுதிவிடலாம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு வசதியான தலைப்பு. அதனால்தான் இந்தியாவிலும் சீனாவிலும் ஈரானிலும் இந்த வகைக் கட்டுரைகள் குவிகின்றன.

அவற்றின் 'உண்மை மாதிரி' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் அது மருந்துக்கடை டோபமைன் ஊசி மருந்தாக இருக்கும். அல்லது பல மடங்கு நீர்த்த சிறுநீரில் தெரிந்த அளவு டோபமைனைத் தாங்களே போட்டு, பிறகு தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள். தேர்வுத் தாளைத் தானே தயாரித்துத் தானே எழுதி நூற்றுக்கு 98 வாங்குவது போலத்தான் இது.

"ஆராய்ச்சி என்றால் புதுசாகத்தான் செய்யவேண்டும், நம்பகத்தைத் தொழிற்சாலைக்காரன் பார்த்துக்கொள்வான்" என்று ஒரு வாதம் உண்டு. பாதி நியாயம் இருக்கிறது. ஒற்றை மூலக்கூறை அளந்த கட்டுரையில் யாரும் விலைப்பட்டியல் கேட்க முடியாது. ஆனால் எந்த மின்முனை ஆறு மாதம் தாங்கும், ஐம்பது செய்தால் எத்தனை ஒரே மாதிரி இருக்கும் என்ற தகவலே இல்லாத ஆயிரம் கட்டுரைகளிலிருந்து தொழிற்சாலைக்காரன் எதைப் பொறுக்குவான்? அந்தத் தகவலைத் தேடுவதும் விஞ்ஞானம்தான். ஏன் சீக்கிரம் கெடுகிறது என்று கேட்டால் அதன் பதிலில் புது வேதியியலே கிடைக்கலாம்.

அப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் டிமதி ஸ்வேகர் குழு பழங்களைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவை அளக்க 2012-ல் ஒரு சென்சார் செய்தது. நானோகுழாயிடம் ஆளை அடையாளம் காணும் வேலையைக் கொடுக்கவில்லை. எத்திலீனைப் பிடித்துக்கொள்ளும் செம்புச் சேர்மம் ஒன்றை அதோடு கலந்தார்கள். செடிகளே எத்திலீனை உணரச் செம்பைத்தான் பயன்படுத்துகின்றன. வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் வைத்தே சோதித்தார்கள். அதே எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஸ்ட்ரேனோ குழு டி.என்.ஏ. சுற்றிய நானோகுழாய்களை ஜெல்லில் வைத்து எலியின் தோலுக்கடியில் பதித்தது. நைட்ரிக் ஆக்சைடை உணரும் அந்தச் சென்சார் 400 நாட்களுக்கு மேல் செயல்பட்டது என்று 2013-ல் அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையில் பெருமைப்பட வேண்டிய எண் அந்த 400 தான்.

நீடிப்பது கார்பனுக்குப் புதிதுமல்ல. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் நானோகுழாய்கள் இருப்பதாக 2020-ல் ஒரு ஆய்வு வெளியானது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் பானைகள் அவை. அந்தக் குயவருக்கு நானோ என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் பூச்சு நின்றிருக்கிறது. அதைச் சொல்லிப் பெருமைப்படுபவர்கள் தங்கள் மின்முனைப் பூச்சு மூன்று வாரத்துக்கு மேல் நிற்குமா என்றும் பார்க்கலாமே!

இது வெறும் ஆய்வுக்கூடச் சண்டையல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூரில் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பக்கத்துக் கிராமத்து மக்கள் நெடியில் விழித்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களை எழுப்பியது அவர்களுடைய மூக்கு. 2000-ல் அந்த ஒற்றை நானோகுழாய் கண்டுபிடித்துக் காட்டிய இரண்டு வாயுக்களில் ஒன்று அம்மோனியா என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஊருக்குத் தேவை ஒற்றை மூலக்கூறைப் பிடிக்கும் கருவி அல்ல. உப்புக்காற்றிலும், ஐப்பசி மழையிலும், சித்திரை வெயிலிலும் வருடக்கணக்கில் கம்பத்தில் தொங்கி, மீன் காயப்போட்ட வாடைக்கு அலறாமல், அம்மோனியா வந்த இரவில் மட்டும் தவறாமல் அலறும் கருவி.

ஆகவே, இந்த வருடம் ப்ராஜெக்ட் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் கையேட்டிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். பத்தாயிரத்தோராவது புதுக் கலவை வேண்டாம். ஏற்கெனவே வெளியான ஒரு நல்ல சென்சாரை எடுத்துக்கொண்டு, அதே முறையில் ஐம்பது மின்முனைகள் செய்யலாம். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், நீர்க்காத சிறுநீர் எல்லாவற்றிலும் வைத்துப் பார்க்கலாம். அலமாரியில் மூன்று மாதம் வைத்துவிட்டு மறுபடி அளக்கலாம். எத்தனை தோற்றன, எப்படித் தோற்றன என்பதை அட்டவணையாகப் போடலாம். பெரிய இதழில் வராமல் போகலாம். வைவாவில் "இதில் புதுமை என்ன?" என்ற கேள்வியும் கட்டாயம் வரும். "இதற்கு முன்னால் யாரும் ஐம்பது செய்து எண்ணிப் பார்க்கவில்லை" என்பது அதற்குப் போதுமான பதில்.